பாதிக் கும்பிடு

என் மதினி தன் மூக்குக்கண்ணாடியை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கொடுப்பதற்காகத்தான் அன்று ஆமத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வெம்பக்கோட்டைப் பக்கம் போனேன். கோடை விடுமுறை. பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

மதினி என்பது என் அண்ணன் மனைவி புஷ்பம். பல வருடங்களாகப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குச் சாப்பிடுவதை மாத்திரை என்போம். கண்ணாடி இல்லாமல் மதினிக்குத் திரியும் தெரியாது, திரி நுழைகிற ஓட்டையும் தெரியாது. அது இல்லாமல் அவர் மருந்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பே என்னை வீட்டில் இருக்கவிடவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் என் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். "டீ டைம் டீச்சர். இப்ப உள்ள போயிருவாக. அங்கன வேப்பமரத்தடியில நில்லுங்க, கூப்பிட்டு விடுறேன்" என்றார்.

வேப்பமரத்தடியிலிருந்து பார்த்தால் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் முதல் ஷெட்டின் வாசல் நன்றாகத் தெரியும். வாசல் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். நம் உடம்பிலும் துணியிலும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் மின்சாரம் சேர்ந்திருக்கும். அந்தத் தகட்டைத் தொட்டால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் போய் மருந்தில் கை வைத்தால் ஒரு பொறி போதும். அதனால் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

டீ குடித்துவிட்டு நான்கு பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் தகட்டின் முன் நின்றார். ஒரு முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டு, இடுப்பை ஒரு வெட்டு வெட்டிவிட்டு உள்ளே போனார். தகட்டைத் தொடவில்லை. இரண்டாமவரும் அப்படியே. மூன்றாமவரும் அப்படியே. நான்காவதாக வந்தவர் மதினி. அவரும் கும்பிட்டார், வெட்டினார், போனார். உள்ளேயிருந்து நான்கு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்தக் கும்பிடு நான் எழுதியது.

தூங்காமல் இருந்தால் போதும்

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் அடிக்கடி ஒரு கேள்வி வரும். இவ்வளவு கவலைப்படுகிற ஆள் எப்படி வேடிக்கையாக எழுதுகிறீர்கள் என்று. எங்கள் வீட்டில் எனக்குக் கவலை டீச்சர் என்றே பெயர். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்பிய பெருமை எனக்கு உண்டு. அன்று அடுப்பை அணைத்திருந்தேன், கதவைத்தான் பூட்டவில்லை.

அப்படிப்பட்ட என்னைத்தான் அந்த ஆலையின் போர்மேன் சுந்தரராஜ் நாடகம் எழுதித் தரச் சொல்லி மதினியிடம் சொல்லி அனுப்பினார். பொங்கல் முடிந்து வேலை மந்தமாக இருக்கும் நாட்களில் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து மணிக்கணக்கில் பேசுவார். சாப்பாட்டு ஷெட்டில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் தூங்குவார்கள். போர்மேனுக்கு நாடகத்தின் மேல் ஆசையெல்லாம் கிடையாது. "தூங்காம இருந்தாப் போதும் டீச்சர்" என்றார்.

நானும் மதினியும் சேர்ந்து ஓர் ஆளை உண்டாக்கினோம். அவசர அண்ணாச்சி என்று பெயர். எல்லாவற்றிலும் அவசரம். போனை இடுப்பில் ஒளித்துக்கொண்டு வருவார், மருந்துத் தட்டைத் தூக்காமல் தரையில் இழுத்துக்கொண்டு போவார். வாசல் தகட்டைத் தொட அவருக்கு நேரம் இருக்காது. அந்த இடத்தில் முதலில், தகட்டைத் தொடாமல் போகிறார் என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் எனக்கே ஒரு நினைப்பு வந்து, தகட்டைச் சாமி மாதிரி கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று மாற்றினேன். போகிற போக்கில் ஒரு வசனமும் வைத்தேன். "ஆத்தா, இப்ப லேட்டாகிருச்சு, நாளைக்கு வந்து தொடுறேன்."

அண்ணாச்சியாக நடித்தது மதினி. என் அண்ணனின் வேட்டியைக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, மை மீசை வைத்துக்கொண்டு வந்து நின்றதுமே கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் கும்பிடும் இடுப்பு வெட்டும் வந்தபோது பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். திரும்பச் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். மதினி மூன்று முறை செய்தார். ஒருவர்கூடத் தூங்கவில்லை.

நான் மேடையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த மாரியம்மாளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்துவிட்ட சத்தம்

மாரியம்மாள் மதினிக்கு அடுத்த ஷெட்டில் வேலை பார்ப்பவர். அவருடைய கணவர் சில வருடங்களுக்கு முன் வேறோர் ஆலையில் நடந்த விபத்தில் இறந்துபோனார். நாடகத்தின் முதல் பிரதியில் கடைசியாக ஒரு வெடிச்சத்தம் இருந்தது. திரைக்குப் பின்னால் தகர டின்னைத் தட்டி, அவசர அண்ணாச்சி கரி பூசிய முகத்தோடு வந்து விழுவதாக எழுதியிருந்தேன்.

ஒத்திகை அன்று மதினி சொன்னார், "மாரியம்மா முன்னாடி ஒக்காந்திருப்பாளே."

அந்தச் சத்தத்தை உடனே அடித்துவிட்டேன். கரி பூசிய முகத்தையும் எடுத்தேன். அதற்குப் பதிலாகப் போர்மேன் வந்து அண்ணாச்சியைத் திட்டுகிறார், அண்ணாச்சி காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுகிறார் என்று முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மாரியம்மாள் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் நான் செய்த காரியம் உறைத்தது. என் நாடகத்தில் தகட்டைத் தொடாமல் போன ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நூறு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு, பத்துத் தோப்புக்கரணத்தோடு பிழைத்துப் போய்விட்டார். அவரைப் போல நடந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை வராது?

ஐந்து மதிப்பெண் கேள்வி

இலக்கியத்தில் நகைச்சுவையின் பயன்கள் யாவை? இந்தக் கேள்விக்குப் பல வருடங்களாக ஐந்து மதிப்பெண் போட்டு வந்திருக்கிறேன். சிந்திக்கவைக்கும், குறைகளைச் சுட்டும், மனிதனைத் திருத்தும் என்று எழுதினால் முழு மதிப்பெண். விருதுநகரில் நான் கல்லூரி படித்த காலத்தில் என் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது அது. நான் வாங்கியதை அப்படியே என் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். யாரை எப்போது திருத்தியது என்று அவரை நானும் கேட்கவில்லை, என்னை யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயதில் காரியாபட்டிப் பக்கம் எங்கள் சித்தி ஊருக்குப் போயிருந்தபோது கோயில் கொடைத் திருவிழாவில் நாடகம் போட்டார்கள். கிறிஸ்தவர்களான எங்களை வேதக்காரர் என்பார்கள். வேதக்காரப் பிள்ளைகள் கொடைக்குப் போகக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். சித்தி மாமரத்துக் கிளையில் ஏறி உட்கார்ந்து பார்த்தார், நானும் பார்த்தேன். பபூன் வேடக்காரர் அந்த ஊரைப் பற்றி முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தார் போல. அந்த ஊரில் பம்புசெட் பழுது பார்க்கிற ஒருவர் இருந்தார். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். பபூன் அவர் மாதிரி நடந்து வந்து ராஜாவுக்கு வணக்கம் சொன்னார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த ஆளும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் காலை இழுத்து நடந்தார்கள். டீக்கடைக்குப் போகிற ஆண்கள் இழுத்து நடந்தார்கள். அந்த விடுமுறை முழுவதும் நானும் சித்தி வீட்டு முற்றத்தில் அப்படித்தான் நடந்தேன். பம்புசெட்காரர் தெரு வழியாக வருவதை நிறுத்திவிட்டு வயல் வரப்பு வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஒரு நாள் வரப்பில் அவர் வந்தபோது நான் எதிரே இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தேன். அவர் நின்று வழிவிட்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

சிரிப்பு மனிதனைத் திருத்துகிறதோ இல்லையோ, தொற்றிக்கொள்ளும். எட்டு மெய்ப்பாடுகளைப் பாடம் நடத்தும்போது நகையை முதலில் சொல்லி, அழுகையை அடுத்துச் சொல்வோம். ஏன் அந்த வரிசை என்று ஒரு மாணவி கேட்டாள். மனப்பாடம் செய்ய வசதி என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன்.

தொட்டது மாதிரியே இருக்கு

கண்ணாடியை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிவிட்டு வந்தவள், அன்று சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, ஏன் தகட்டைத் தொடாமப் போறீக?"

"தொட்டேனே."

"தொடல. நான் மரத்தடியில நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

மதினி தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஏதோ எழுதியிருப்பது போல வெகுநேரம் பார்த்தார். "கும்பிட்டா தொட்டது மாதிரியே இருக்கு எஸ்தரு" என்றார்.

வேண்டுமென்றே தொடாமல் போகிறவரைத் திட்டலாம். தொட்டோமா இல்லையா என்று தெரியாமல் போகிறவரை என்ன செய்ய முடியும்?

"இனிமே அந்தக் கூத்து வேண்டாம். எல்லார்ட்டயும் சொல்லிருங்க" என்றேன்.

"சொல்லலாம். கேப்பாளுகளா?" மதினி மறுபடி வெங்காயத்தை எடுத்தார். "ஒனக்குத் தெரியாது. அந்த வாசல்ல கால் வைக்கிறப்ப ஒவ்வொரு நாளும் அடிவயிறு ஒரு இழுப்பு இழுக்கும். இத்தனை வருசமாகியும் போகல. இப்ப நாலு பேரும் சிரிச்சுக்கிட்டே போறோம். அந்த ஒரு நிமிசம் பயம் தெரியல. அதை நிப்பாட்டுன்னா எப்படி நிப்பாட்டுவாளுக?"

பயத்தை மறக்கிறதற்குக் கிடைத்த சிரிப்பை, உயிர் போய்விடும் என்று சொல்லிப் பிடுங்கச் சொல்கிறேன். நான் சொல்வது சரி. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து மறுபடி அதைச் சொல்ல முடியவில்லை.

போர்மேன் மாட்டிய போர்டு

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போர்மேனிடம் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. சீசன் ஆரம்பிக்கிற நேரம், வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்ற பயம். சுந்தரராஜ் நல்ல மனிதர். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மறுநாளே ஒவ்வொரு ஷெட் வாசலிலும் சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டினார். தகட்டைக் கும்பிடக் கூடாது, தொட வேண்டும் என்று. ஒரு வாரம் வாசலில் நின்று கண்காணித்தார். அந்த ஒரு வாரம் எல்லோரும் ஒழுங்காகத் தொட்டார்கள்.

"இப்ப எப்படி மதினி?" என்று கேட்டேன்.

மதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "போர்மேன் தலை மறைஞ்சா இப்ப போர்டையும் சேத்துக் கும்பிடுறாளுக."

நான் நாடகத்துக்கு இரண்டாம் பாகம் எழுத உட்கார்ந்தேன். அவசர அண்ணாச்சியின் மனைவி தகட்டின் முன் நின்று அழுகிறாள். பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி இரண்டு பக்கம் பேசுகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மதினியிடம் வாசித்துக் காட்டினேன். முதல் பக்கத்திலேயே அவர் கொட்டாவி விட்டார்.

"பிரசங்கம் மாதிரி இருக்கு. ஐயரே இதைவிடச் சின்னதா முடிப்பாரு" என்றார். எங்கள் சபையில் ஐயர் என்றால் போதகர். அவர் சின்னதாக முடித்ததாக எனக்கு நினைவில்லை.

எந்தப் பக்கம்?

பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஏழாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. கல்யாண வீட்டு வெடி வரிசையாக வரும். கோயில் வெடி நேரத்துக்கு வரும். இது ஒற்றையாக, கனமாக வந்தது.

எங்கள் பக்கத்தில் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் யாரும் அலற மாட்டார்கள். வகுப்பு எழுந்து நிற்கும். நானும் பிள்ளைகளும் வராந்தாவுக்கு வந்துவிட்டோம். பக்கத்து வகுப்புகளும் வந்தன. சத்துணவு சமைக்கிற அம்மா கரண்டியோடு வந்தார். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆள் வேலை பார்க்கிற திசையைப் பார்த்து நின்றோம். எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் பேச்சு. புகை தெரியவில்லை.

நான் வெம்பக்கோட்டைத் திசையைப் பார்த்து நின்றேன். மதினிக்குப் போன் செய்து பயன் இல்லை. அது கேட் பெட்டியில் இருக்கும். வாட்ச்மேன் நம்பர் பிஸி. போர்மேன் நம்பர் பிஸி. அண்ணன் எடுத்து, "எனக்கும் லைன் போகலை" என்று சொல்லி வைத்துவிட்டார். என் காதுக்குள் அந்த வசனம் ஓடிக்கொண்டிருந்தது. ஆத்தா, இப்ப லேட்டாகிருச்சு, நாளைக்கு வந்து தொடுறேன். நான் எழுதிய வரி. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மதினி பேசிய வரி. அதை எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அரை மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும். ரோட்டோரம் போன யாரோ வந்து, பாலத்துக்குப் பக்கத்தில் லோடு லாரி டயர் வெடித்துவிட்டது என்றார். எல்லோரும் வகுப்புக்குத் திரும்பினோம். விட்ட இடத்திலிருந்து செய்யுளைத் தொடர்ந்தேன். பிள்ளைகள் சொன்ன பிறகுதான், ஏற்கெனவே நடத்திய பாட்டை மறுபடி நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

அன்றே முடிவு செய்துவிட்டேன். நாடகத்தைத் திரும்பப் போட வேண்டும். எடுத்த வெடிச்சத்தத்தைத் திரும்ப வைக்க வேண்டும். அதற்கு மாரியம்மாளிடம் அனுமதி கேட்க வேண்டும்.

விட்டுப்போன ஒன்று

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக மாரியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. கண்ணாடி கொடுக்கப் போனதிலிருந்து டயர் வெடித்தது வரைக்கும் அப்படியே கொட்டினேன். கடைசியாக, "சத்தத்தை ஒங்களுக்காகத்தான் எடுத்தேன். இப்பத் திரும்ப வைக்கணும். ஒங்க மனசு கஷ்டப்படும்னா வேண்டாம்" என்றேன்.

மாரியம்மாள் கீரையைக் கீழே வைத்தார். "எனக்காகவா எடுத்தீக?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"இல்ல."

"நான் தினமும் அந்த மருந்துலதான கை வச்சுட்டு இருக்கேன் டீச்சர். ஒங்க தகர டின்னுக்கா பயப்படப் போறேன்."

அவரே தொடர்ந்தார். "சத்தமெல்லாம் வேண்டாம். வச்சீகன்னா அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு எந்தப் பக்கம்னு பாக்க ஓடிருவாக. நாடகத்தை யாரு பாப்பா? அந்தக் கும்பிடு நல்லாத்தான் இருந்துச்சு. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். ஆனா அதுல ஒண்ணு விட்டுப்போச்சு. அன்னைக்கே தோணுச்சு. வேதக்காரவுக எழுதுனது, நம்ம என்னத்தச் சொல்லன்னு விட்டுட்டேன்."

"என்ன விட்டுப்போச்சு?"

மாரியம்மாள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். தன் வீட்டு நிலைப்படியின் முன் நின்று, அவசர அண்ணாச்சி மாதிரியே முழங்காலை மடக்கி, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பிறகு வலது கையை நீட்டி நிலையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"கும்பிட்டுட்டுத் தொட்டு ஒத்திக்கிடணும்ல. சூடத்தட்டு முன்னால வந்தா கையைக் கூப்பிப்புட்டு அப்படியேவா வந்துருவாக? தொடாமப் போனா அது பாதிக் கும்பிடு டீச்சர்."

எங்கள் கோயிலில் கை கூப்புவோம், கண்ணை மூடுவோம், ஆமென் சொல்வோம், முடிந்தது. தொட்டு ஒற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. மற்றவர்கள் சாமி கும்பிடுவதை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். கோயிலைக் கடக்கும்போது பயணிகள் கை கூப்புவார்கள், அதற்குள் பஸ் போய்விடும். எழுதிய நானும் வேதக்காரி, நடித்த மதினியும் வேதக்காரி. ஆத்தா என்று கூப்பிட்ட எங்கள் அவசர அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமைக் கும்பிடுதான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்த ஷெட்டுல மத்த மூணு பேரும் ஒங்க ஆளுகதான? அவங்களும் ஏன் தொடாமப் போறாங்க?" என்று கேட்டேன்.

"அவளுக சாமியவா கும்பிடுறாளுக? அவசர அண்ணாச்சி மாதிரில்ல கும்பிடுறாளுக. நாளைக்கு நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க."

மறுநாள் டீ முடிந்து நான்கு பேரும் வாசலுக்கு வந்தபோது மாரியம்மாள் அங்கே நின்றிருந்தாராம். முன்னால் வந்தவர் கும்பிட்டு, இடுப்பை வெட்டிவிட்டுக் காலை எடுத்து வைக்கும்போது, தகட்டைக் காட்டி, "என்ன அண்ணாச்சி, துன்னூறு வாங்காமப் போறீக? பூசாரி எம்புட்டு நேரமாத் தட்டை நீட்டிக்கிட்டு நிக்காரு" என்று கேட்டாராம். கேட்ட குரல் அப்படியே பூசாரிக் குரலாம். சிரித்த சிரிப்பில் மூன்றாவது ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்களாம். முன்னால் நின்றவர் திரும்பி வந்து தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, நெற்றியிலும் திருநீறு மாதிரி பூசிக்கொண்டு போனாராம். பின்னால் வந்த மூவரும் அப்படியே செய்தார்களாம். அந்த வாரம் முடிவதற்குள் ஆலை முழுவதும் பரவிவிட்டது. போர்மேன் தன்னுடைய போர்டுதான் வேலை செய்திருக்கிறது என்று இன்றும் நம்புகிறார்.

மாரியம்மாளுக்கு இப்படி ஒரு நாக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவரை நான் பாவப்பட்ட ஒருவராக மட்டுமே முன்வரிசையில் உட்காரவைத்திருந்தேன்.

மதினி இதைச் சொல்லி முடித்ததும் எனக்கு அடுத்த கவலை வந்தது. "வெளிய வரும்போது மருந்துக் கையோட கண்ணுல ஒத்திட்டா?"

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெளிய வரும்போது யாரு சாமி கும்பிடுவா? கஞ்சிக்கில்ல ஓடுவோம்."

மறுபடி வேப்பமரத்தடி

காலாண்டு விடுமுறை வந்தது. தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து ஆலை மும்முரமாக நடக்கிற நேரம். அவசரம் என்றால் அதுதான் அவசரம். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனேன்.

"இன்னைக்கு புஷ்பக்கா என்னத்த மறந்துட்டுப் போனாக?" என்று வாட்ச்மேன் கேட்டார்.

"ஒண்ணும் மறக்கல. சும்மாதான் வந்தேன்" என்று போனைக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே மரத்தடியைக் காட்டினார்.

டீ முடிந்து நான்கு பேரும் வந்தார்கள். முதலாமவர் கும்பிட்டார், தொட்டார், ஒற்றிக்கொண்டார். இரண்டாமவர் தொட்டார். மூன்றாமவர் தொட்டார். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மதினி கடைசியாக வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். முழங்காலை மடக்கி, கையைத் தூக்கிக் கும்பிட்டார். இடுப்பை வெட்டினார். வலது கையைத் தகட்டை நோக்கி நீட்டினார். தொடுவதற்கு ஒரு விரல்கடை இருக்கும்போது கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

எண்ணிக்கொண்டிருந்த என் விரல் மூன்றிலேயே நின்றது. உள்ளேயிருந்து யாரோ, "என்னக்கா, நின்னுட்டீக?" என்று கேட்டது காதில் விழுந்தது. மதினி விரல்களைக் காற்றில் ஆட்டினார். பிறகு முழு உள்ளங்கையால் தகட்டைத் தட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்.

ஷெட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சிரிக்கவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவர்கள் வெளியே வந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வெகுநேரம் அடங்கவில்லை. வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.